ஏஐ பக்கத்தில இருக்கிற காலத்தில பிள்ளைகளைச் சொந்த நடையில எழுத வைக்கிறது எப்பிடி?

கிண்ணியாவில தரம் 10, 11க்குத் தமிழ் படிப்பிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, வீட்டுக்குக் கட்டுரை குடுத்தா எல்லாக் கொப்பியும் ஒரே ஆள் எழுதின மாதிரி வருது, எல்லாம் சாட்ஜிபிடி ஜெமினி வேலை, போனைத் தடுக்கிறதா, ஏஐ எழுதினதைக் கண்டுபிடிக்கிற சொப்ட்வெயார் பாவிக்கிறதா, இல்லாட்டிக் கண்டும் காணாம இருக்கிறதா, பிள்ளைக்கு எண்டு ஒரு நடையை இனி எப்பிடிக் கொண்டு வாறது எண்டு. நான் திருகோணமலை டவுன்ல கனகாலமாத் தமிழ் படிப்பிக்கிற ஆள், பாடசாலைகளுக்கிடையில நடக்கிற தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிறதும் உண்டு, அதால கொஞ்சம் நீட்டியே சொல்றன், நேரம் எடுத்து வாசிங்க தங்கச்சி.

முதல்ல ஒண்டு. எல்லாக் கொப்பியும் ஒரே மாதிரி வாறது 2022 நவம்பர் 30ந் திகதி சாட்ஜிபிடி வந்த பிறகு தொடங்கின விசயம் இல்ல. அதுக்கு முதலே "இன்றைய நவீன உலகில்" எண்டு தொடங்கி "எனவே நாம் அனைவரும்" எண்டு முடியிற கட்டுரையை ரியூசன்ல நோட்ஸாக் குடுத்து, பிள்ளை அதைப் பாடமாக்கி, நாங்களும் அதுக்கு நல்ல புள்ளி போட்டுக்கொண்டுதான் இருந்தம். சிக்கனம், மரம் வளர்ப்போம், நான் விரும்பும் தலைவர், எந்தத் தலைப்பா இருந்தாலும் ஒரே அச்சு. மெசின் வந்து செஞ்சது என்னெண்டா, நாங்க கேட்ட அதே கட்டுரையைப் பத்துச் செக்கன்ல எழுத்துப்பிழை குறைவா எழுதிக் குடுத்தது. பிள்ளையைப் பொறுத்தவரைக்கும் ரீச்சர் கேட்டது அது, போன் குடுத்தது இது, ரெண்டும் ஒண்டுதானே? அதால நான் பிள்ளைக்கு முதல்ல ஏசமாட்டன், நாங்க குடுக்கிற தலைப்பைத்தான் முதல்ல மாத்தச் சொல்லுவன். என்ட முழுப் பதிலும் இதுலதான் நிக்குது: பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்டைப் பிள்ளைட்டக் கேளுங்க, அதை முதல்ல வாயால சொல்ல வைங்க, பிறகு கையால எழுத வைங்க, மெசின் அதுக்குப் பிறகுதான் வரலாம், அதுவும் எழுதுற ஆளா இல்ல, கேள்வி கேக்கிற ஆளா.

அதுக்கு முதல் இந்த மெசின் எப்பிடி எழுதுது எண்டு ஒரு பாடவேளை ஒதுக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுங்க, தடுக்கிறதை விட அது பத்து மடங்கு பலன் தரும். பெரிய டெக்னிக்கல் விளக்கம் ஒண்டும் வேணாம். கோடிக்கணக்கான பக்கங்களை வாசிச்சு, இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வர வாய்ப்புக் கூட எண்டு கணக்குப் பாத்து ஒவ்வொரு துண்டா வைச்சுக்கொண்டு போகுது, அதுக்கு மேல ஆட்களிட்ட ரெண்டு பதிலைக் காட்டி எது நல்லம் எண்டு கேட்டுக் கேட்டு, கனபேருக்குப் பிடிக்கிற பக்கமா அதைத் திருப்பி விட்டிருக்கிறாங்க. கனபேர் எழுதின மாதிரியும் இருக்கும், கனபேருக்குப் பிடிக்கிற மாதிரியும் இருக்கும். ஆனா சல்லி எண்ட கடற்கரைக் கிராமத்தில விடியக்காலமை என்ன நடக்குது, தம்பலகாமத்தில வெள்ளாமை வெட்டுற நாள்ல வீட்டில ஆர் சமைக்கிறது, இதெல்லாம் தமிழில எழுதி இன்டர்நெட்ல எத்தனை பக்கம் கிடக்கும்? வலையில இருக்கிற தமிழே இங்கிலிஷ் அளவுக்குக் கிட்டவும் இல்ல, அதிலயும் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பத்திரிகை, அங்கத்தைய தளங்கள், மொழிபெயர்ப்புகள். எங்கட பங்கு அதுக்குள்ள ஒரு ஓரம்.

நான் கிளாஸ்ல செய்யிறது இது. போர்ட்ல "மாலை நேரத்தில் கடற்கரையில்" எண்டு எழுதிப்போட்டு, அடுத்த ரெண்டு மூண்டு சொல்லை ஒருத்தருக்கும் காட்டாம எழுதச் சொல்லுவன். சூரியன், குளிர்ந்த காற்று, அலைகள், அவ்வளவுதான், பாதிக் கிளாசுக்கு மேல இதுக்குள்ள வந்து விழும். பிறகு "நேத்துப் பின்னேரம் உட்துறைமுக வீதியில நான்" எண்டு எழுதிப்போட்டு அதே மாதிரிக் கேப்பன். ஒருத்தன்ட மாதிரி இன்னொருத்தன்ட வராது, ஒருத்தன் சைக்கிள் செயின் கழண்டதை எழுதுவான், ஒருத்தி மாமியைக் கண்டு ஒளிச்சதை எழுதுவா. இப்ப பிள்ளைகளுக்கு நான் ஒண்டும் சொல்லத் தேவையில்ல, முதல் வசனம் மெசினுக்கு லேசு, ரெண்டாவது வசனம் மெசினால ஏலாது எண்டு அவங்களே சொல்லுவாங்க. மான் கோட்டைக்குள்ள மட்டுமில்ல, டவுன் ரோட்டிலயும் நடக்கிற ஊர் எங்கட ஊர், எழுத விசயம் இல்லையெண்டு ஒரு பிள்ளையும் சொல்ல ஏலாது.

இது சும்மா எங்கட அனுபவம் மட்டும் இல்ல, ஆராய்ச்சியும் இருக்கு. 2024ல சயன்ஸ் அட்வான்சஸ் சஞ்சிகையில வந்த ஒண்டில, ஏஐ குடுத்த ஐடியாவை வைச்சுச் சின்னக் கதை எழுதினவங்கட கதைகள் தனித்தனியா வாசிக்கேக்க கொஞ்சம் நல்லா இருக்கு, ஆனா எல்லாத்தையும் ஒண்டா வைச்சுப் பாத்தா ஒண்டுக்கொண்டு கூட ஒத்துப்போகுது எண்டு காட்டினாங்க. தங்கச்சி கொப்பிகளை அடுக்கி வைச்சுப் பாத்து விளங்கினதும் இதேதான். 2025ல கோர்னெல் பல்கலைக்கழக ஆட்கள் இந்தியாவிலயும் அமெரிக்காவிலயும் சேத்து 118 பேரை எழுத விட்டுப் பாத்தாங்க, எழுதேக்க ஏஐ அடுத்த சொல்லைக் காட்டிக்கொண்டே இருக்கும். இந்திய ஆட்கள்ட எழுத்து மெல்ல மெல்ல அமெரிக்க நடைக்குப் போயிற்று, பிடிச்ச சாப்பாடு எண்டா பீட்சா, பிடிச்ச பண்டிகை எண்டா கிறிஸ்மஸ் எண்டு அது எடுத்துக் குடுக்குமாம். வளந்த ஆட்களுக்கே அப்பிடியெண்டா பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க.

கண்டுபிடிக்கிற சொப்ட்வெயார் பற்றிக் கேட்டிருக்கிறீங்க. வேணாம், தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. சாட்ஜிபிடியைச் செஞ்ச ஓப்பன்ஏஐ கம்பனியே தாங்க விட்ட கண்டுபிடிக்கிற கருவியைத் துல்லியம் காணாது எண்டு 2023 ஜூலையில எடுத்துப்போட்டாங்க. அதே வருசம் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஏழு கருவிகளைச் சோதிச்சாங்க, இங்கிலிஷ் தாய்மொழி இல்லாத ஆட்கள் டோஃபல் எண்ட இங்கிலிஷ் சோதனைக்குச் சொந்தமா எழுதின கட்டுரைகள்ல சராசரியாப் பாதிக்கு மேல ஏஐ எழுதினது எண்டு பிழையா அடிச்சுவிட்டுது. எளிய சொல்லில, எதிர்பாக்கக்கூடிய வசனத்தில எழுதினா அதுக்குச் சந்தேகம் வருது. எங்கட பிள்ளை நோட்ஸ் பாடமாக்கி எழுதினாலும் அப்பிடித்தானே இருக்கும்? தானா இருந்து எழுதின பிள்ளையிட்ட நீ கள்ளம் செஞ்சிட்டாய் எண்டு ஒருக்காச் சொன்னா, அந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு உங்களுக்கு மனசைத் திறந்து எழுதாது. அது பெரிய அநியாயம்.

சரி, எப்பிடித் தொடங்கிறது எண்டு வருவம். "மீனவர் வாழ்க்கை" எண்டு தலைப்புக் குடுத்தீங்களெண்டா கடல் அன்னை, உயிரைப் பணயம் வைத்து, அலைகளோடு போராடி, எல்லாம் வரிசையா வரும். நான் அதைச் சுருக்கி, உங்கட வீட்டில உழைக்கிற ஒரு ஆள், வேலையால வீட்டுக்கு வந்த முதல் அஞ்சு நிமிசம் என்ன செய்வார், அதை மட்டும் சொல்லு எண்டு கேப்பன். எழுதச் சொல்றதில்ல, பக்கத்தில இருக்கிற பிள்ளைக்குச் சொல்லச் சொல்றது. கேக்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை, விளங்காத இடத்தில கேள்வி கேக்கணும். ஒரு பிள்ளை சொன்னா, தன்ட அப்பா கரைவலைக்குப் போறவர், வலையில மீன் பட்ட நாள் நேரா அடுப்படிக்கு வருவார், படாத நாள் முதல்ல போய்க் கோழிக்கூட்டைத் திறந்து பாப்பார் எண்டு. பக்கத்துப் பிள்ளை கேட்டா, ஏன் கோழிக்கூடு? இவவுக்குத் தெரியல்ல. வீட்ட போய்க் கேட்டுக்கொண்டு வந்தா, மீன் இல்லாத நாள் கறிக்கு முட்டை கிடக்கா எண்டு பாக்கத்தான் அவர் அங்க போறதாம், இவ்வளவு காலம் கண்டும் அது அவவுக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையில வறுமை எண்ட சொல்லே இல்ல, கடல் அன்னையும் இல்ல, ஆனா கிளாஸ்ல வாசிச்சு முடிய ஒரு பிள்ளையும் கதைக்கல்ல. இதே தலைப்பை மெசினிட்டக் குடுத்தா அது வியர்வை துடைக்கும், தண்ணி குடிக்கும், பிள்ளைகளைக் கட்டி அணைக்கும். கோழிக்கூட்டுக்குப் போகாது, ஏனெண்டா அந்தக் கோழிக்கூடு அந்த வீட்டில மட்டும்தான் இருக்கு.

சொல்லி முடிஞ்ச உடனே, சூடு ஆறாம, கிளாஸ்லயே இருந்து கையால எழுத விடுங்க. கால் மணித்தியாலம் காணும். நிப்பாட்டாம எழுதணும், வெட்டலாம், எழுத்துப்பிழையைப் பத்தி அந்த நேரம் யோசிக்கக்கூடாது. இந்த முதல் பிரதியைச் சிவப்புப் பேனையால தொடாதீங்க, இதை நான் கெஞ்சிக் கேக்கிறன். பிள்ளை சொந்தமா எழுதின முதல் பக்கத்தில ஒற்றுப் பிழைக்கு வட்டம் போட்டு நிரப்பிக் குடுத்தா, அடுத்த முறை அது பிழையில்லாத மெசினிட்டத்தான் போகும். தரம் 11 முடிய எடுக்கிற ஓஎல் பரீட்சையும் கையால எழுதுறது, மண்டபத்துக்குள்ள போன் வராது, அதால இப்பிடி எழுதிப் பழகினது வீண் எண்டு எந்தப் பெற்றோரும் சொல்ல ஏலாது.

இப்ப ஒரு சிக்கல் வரும், இது எங்கட தமிழுக்கே உரிய சிக்கல். பிள்ளை கதைக்கிறது ஒரு தமிழ், எழுதுறது வேறொரு தமிழ். சொந்த நடையில எழுது எண்டா, கதைக்கிற மாதிரி அப்பிடியே எழுதிக்கொண்டு வரும், பரீட்சையில அதுக்குப் புள்ளி வராது, அதால பயந்து திரும்பவும் நோட்ஸ் தமிழுக்கு ஓடும். நான் சொல்லிக் குடுக்கிறது, நடை எண்டது பேச்சுத் தமிழ் மட்டும் இல்ல. எதைக் கண்டாய், எதை முதல்ல சொன்னாய், எதைச் சொல்லாம விட்டாய், எந்த இடத்தில வசனத்தைக் கட்டையா முறிச்சாய், இதெல்லாம்தான் நடை, இது எழுத்துத் தமிழிலயும் அப்பிடியே நிக்கும். "மீன் படாத நாட்களில் அப்பா முதலில் கோழிக்கூட்டைத் திறந்து பார்ப்பார்." சுத்தமான எழுத்துத் தமிழ், ஆனா அந்தப் பிள்ளைதான் எழுதினது எண்டு தெரியுது. ஆட்கள் கதைக்கிற இடத்தில மட்டும் ஊர்த் தமிழை அப்பிடியே விடச் சொல்லுங்க. மூதூர், கிண்ணியாப் பக்க எழுத்தாளர்கள்ட பழைய கதைகள் நூலகம் இணையத்தளத்தில காசில்லாம வாசிக்கலாம், 2005ல இருந்து இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களைச் சேத்துக்கொண்டு வாறாங்க. கதை சொல்றது எழுத்துத் தமிழில, கதைக்கிறது ஊர்த் தமிழில, ரெண்டும் எப்பிடிச் சேந்து போகுது எண்டு பிள்ளை கண்ணால பாக்கணும். எங்கட ஊர்ப் பேரை அச்சில கண்டா பிள்ளைக்கு வாற நிமிர்வு வேற எதுலயும் வராது.

இனி மெசின். பிள்ளை கையால எழுதின பிரதி இருக்கு எண்டா மெசினைக் கூப்பிடலாம், எனக்கு அதுல மறுப்பு இல்ல, இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போற இடமெல்லாம் அது இருக்கத்தான் போகுது. ஆனா குடுக்கிற ப்ரொம்ப்டை, அதாவது மெசினிட்டக் கேக்கிற விதத்தை, நாங்கதான் பழக்கிவிடணும். நான் குடுக்கிறது இப்பிடி: "இது நான் எழுதினது. இதைத் திருத்தவோ திரும்ப எழுதவோ வேண்டாம். இதை வாசிக்கும்போது உனக்கு விளங்காத அல்லது இன்னும் அறிய விரும்பும் ஐந்து இடங்களைக் கேள்வியாக மட்டும் கேள்." வாற கேள்வியில பாதி உதவாது, உங்கள் உணர்வு என்ன, இதன் முக்கியத்துவம் என்ன எண்டு பொதுவா இருக்கும். எது உதவும், எது உதவாது எண்டு பிள்ளையே பிரிக்கட்டும், அந்தப் பிரிக்கிற வேலையிலதான் நல்ல பழக்கம் கிடக்கு. உண்மையைச் சொன்னா பக்கத்து வாங்குப் பிள்ளை கேக்கிற கேள்விதான் பெரும்பாலும் கூடின திறம், ஆனா வீட்டில தனிய இருந்து எழுதிற பிள்ளைக்குக் கேக்க ஆளில்லாத நேரம் மெசின் பரவாயில்ல.

எழுத்துப்பிழைக்கும் பாவிக்கலாம், அதுக்கும் ஒரு நிபந்தனை வேணும். திருத்தித் தா எண்டு கேட்டா அது ரகர றகரத்தோட நிக்காது, வசனத்தையே மினுக்கித் தரும், அப்பாவைத் தந்தையாக்கும், கோழிக்கூட்டுக்கு மேல ரெண்டு உவமை போடும். அதால, பிழை இருக்கிற சொல்லை மட்டும் வரிசையா எழுதிக் காட்டு, வசனத்தைத் தொடாதே எண்டு கேக்கச் சொல்லுங்க. அது சொல்றது எல்லாம் சரியும் இல்ல, ஒற்று மிகும் மிகா இடத்தில நல்லாவே சறுக்கும். பிள்ளை அகராதியையோ உங்களையோ பாத்துத்தான் மாத்தணும், மாத்தினதைத் தன்ட கையால எழுதணும்.

இன்னொரு நல்ல பயிற்சி சொல்றன். கன்னியா வெந்நீரூற்றைப் பத்தி மெசினிட்ட ஒரு கட்டுரை எடுத்து, கிளாசுக்கு வாசிச்சுக் காட்டுங்க. இங்க ஒருக்காலும் வராத ஆள் எழுதக்கூடிய வசனத்துக்கெல்லாம் கீழ கோடு போடு எண்டு சொல்லுங்க, பக்கம் முழுக்கக் கோடு விழும். பிறகு, அங்க போய்க் குளிச்சவன் மட்டும் எழுதக்கூடிய ஒரு வசனத்தை உள்ளுக்கு வை எண்டு கேளுங்க. ஏழு கிணறும் ஒரே சூடு இல்ல, எந்தக் கிணத்தில முதல்ல வாளி போடப் பயந்தாய், ஆர் முதல்ல ஊத்தினது, இப்பிடி. கடைசியா, அது சொன்ன தகவல்ல எது பிழை எண்டு தேட விடுங்க. கிண்ணியாப் பாலத்தைப் பத்திக் கேட்டா உங்கட பிள்ளைகள் அதைக் குறுக்கே கேள்வி கேக்க இன்னும் லேசு, 2009ல திறந்தது, 396 மீற்றர், தாய் தகப்பன் பாதையில, அதுதான் ஆட்களை ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவையில, ஏறிக் கடந்த காலத்தையும் சொல்லுவாங்க. மெசினை விடத் தனக்கு ஒரு விசயம் கூடத் தெரியும் எண்டு ஒரு பிள்ளை கண்டுகொண்டா, அதுக்குப் பிறகு அது எழுதிற விதமே மாறும்.

ஒரு விசயத்தில மட்டும் நான் கண்டிப்பு. எங்கட பிள்ளைகள்ட வீடுகள்ல கனக்க இருக்கு, 2004 டிசம்பர் 26 சுனாமி இருக்கு, 2006ல சண்டையால மூதூரை விட்டு இடம்பெயர்ந்தது இருக்கு, திரும்பி வராத ஆட்கள் இருக்கிறாங்க. அம்மம்மாட்ட, வாப்பும்மாட்டக் கேட்டு எழுதுற பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கொண்டு வருவாங்க, கொண்டு வரணும், அதை விடப் பெரிய எழுத்து ஒண்டு இங்க இல்ல. ஆனா அதை ஆளின்ட பேரோட, ஊரோட மெசினுக்குள்ள போட விடாதீங்க. அந்த எழுத்தைக் கேக்கிறதுக்கு மனிசர் வேணும், நீங்க வேணும். யுனெஸ்கோ 2023 செப்டெம்பர்ல விட்ட வழிகாட்டியில வகுப்பறையில ஏஐ பாவிக்கக் குறைஞ்சது 13 வயசு எண்டு வைக்கச் சொல்லுது, உங்கட பிள்ளைகள் அதைத் தாண்டினவங்கதான், எண்டாலும் வீட்டுக் கதையை எங்க சொல்லலாம் எங்க சொல்லக்கூடாது எண்டு பழக்கிறது எங்கட பொறுப்பு. போன் இல்லாத பிள்ளைகளும் இருப்பாங்க, உம்மாட போன் ராவைக்குத்தான் கையில வரும், டேட்டாவும் முடிஞ்சு கிடக்கும். அதால வீட்டில செஞ்சு வா எண்டு குடுக்காம, கிளாஸ்ல உங்கட ஒரு போன்ல எல்லாரும் பாக்க ஒரு பிரதிக்குச் செஞ்சு காட்டுங்க, அதுக்கும் அந்தப் பிள்ளைட விருப்பத்தைக் கேட்டுட்டு.

புள்ளி போடுறதைப் பத்தி. கடைசிப் பிரதிக்கு மட்டும் புள்ளி போட்டா மெசின் வெல்லும். முதல் பிரதி, திருத்தின பிரதி, எதை ஏன் மாத்தினன் எண்டு ரெண்டு வரி, மூண்டும் ஒண்டா வரணும், ஏஐட்டக் கேட்டிருந்தா என்ன கேட்டது எண்டும் ஒளிக்காம எழுதணும், அதுக்குத் தண்டனை கிடையாது எண்டு முதலே சொல்லிவிடுங்க. பிறகு கொப்பியை மூடிப்போட்டு உன்ட கட்டுரையில உனக்குப் பிடிச்ச ஒரு வசனம் சொல்லு எண்டு கேளுங்க. 2025ல எம்ஐடி மீடியா லாப் 54 பேரை வைச்சுச் செஞ்ச ஒரு சோதனையில, சாட்ஜிபிடியை வைச்சு எழுதினவங்கள்ல பெரும்பாலான ஆட்களுக்குத் தாங்க கொஞ்சம் முதல் எழுதி முடிச்ச கட்டுரையில இருந்து ஒரு வசனத்தைச் சரியாச் சொல்ல ஏலாமப் போயிற்று. சின்ன ஆராய்ச்சிதான், அதை வைச்சுப் பெரிசா ஒண்டும் முடிவு கட்டத் தேவையில்ல, ஆனா கிளாஸ்ல செஞ்சு பாருங்க, தானா எழுதின பிள்ளை உடனே சொல்லும், சில பேர் முழுக் கட்டுரையையும் சொல்லத் தொடங்குவாங்க. நாப்பது பிள்ளையோட இதெல்லாம் எப்பிடி எண்டு கேப்பீங்க. ஒவ்வொரு கிழமையும் அஞ்சு பிள்ளைட கொப்பியை மட்டும் ஆழமாப் பாருங்க, மத்தவங்கட கொப்பிகள்ல நல்ல ஒரு வசனத்துக்குக் கோடு போட்டா அந்தக் கிழமைக்கு அது காணும். குறிப்பு எழுதிற வேலையை மட்டும் மெசினுக்குக் குடுத்திடாதீங்க, பிள்ளை உங்களுக்குத்தான் எழுதினது.

அதிபரும் பெற்றோரும் கேப்பாங்க, நோட்ஸ் குடுக்காம என்ன கதை கேட்டுக்கொண்டு இருக்கிறீங்க எண்டு. தமிழ்த்தினப் போட்டியைச் சொல்லுங்க. அங்க நடுவர் ஒரே தலைப்பில அடுக்கடுக்கா வாசிக்கிறவர், இன்றைய நவீன உலகம் எத்தனை தரம் வந்தாலும் அவருக்கு ஞாபகம் நிக்காது, கோழிக்கூடு வந்தா நிக்கும். வலயத்தைத் தாண்டி மாகாணத்துக்குப் போன எங்கட பிள்ளைகளை வைச்சு நான் சொல்றன் இதை. ஓஎல் வினாத்தாள்லயும் கட்டுரைக்கு ஒழுங்கு வேணும்தான், முன்னுரை முடிவுரை வேணும்தான், அதைப் படிப்பிக்க வேணாம் எண்டு நான் சொல்லல்ல. ஆனா ஒழுங்கை ரெண்டு பாடத்தில படிப்பிக்கலாம், உள்ளுக்கு வைக்கிறதுக்குச் சாமான் சேக்கத்தான் வருசம் முழுக்க வேணும்.

அதால இந்தத் தவணையே ஆளுக்கு ஒரு தனிக் கொப்பி வைக்கச் சொல்லுங்க, கிளாஸ்ல கையால எழுதுற முதல் பிரதிகள் எல்லாம் அதுக்குள்ளதான், வீட்டுக்குப் போகாம உங்கட அலுமாரியில இருக்கட்டும். ரெண்டு மாசம் போக, ஒரு பிள்ளை எப்பிடி எழுதும் எண்டு உங்களுக்கே பிடிபட்டிரும், ஒரு சொப்ட்வெயாரும் தேவைப்படாது. வருசம் முடிய அந்தக் கொப்பிகளை அடுத்த தரம் எடுக்கிற ரீச்சரிட்டக் குடுத்திட்டுப் போங்க, அவவும் விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம்.